ஏழு ஜன்னலும் ஒரு மொட்டையும்

என்னை நம்பி இந்த ரங்கூனில் யாரும் பெரிய பொறுப்பு எதையும் ஒப்படைத்ததில்லை. (யாங்கோன் என்று பெயர் மாறிப் பல வருடம் ஆகிறது. எங்கள் வாய் இன்னும் மாறவில்லை.) நாற்பத்து நான்கு வயது வரை எனக்குக் கிடைத்த ஒரே பொறுப்பு, ஏழு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை வாங்கித் தருவது. அந்த ஏழிலும் ஒன்று கூரையில் இருந்தது.

ஜன்னல்கள் ஒரு பாய்மரப் படகினுடையவை. படகு என் தங்கை விஜயாவின் கணவர் செல்வத்தினுடையது. அலோன் படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் கரையில் சாய்த்துப் போட்டுவிட்டுப் போன படகை வாங்கி, இரண்டு வருடம் அதன் அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்து மீண்டும் படகாக்கினார். நடுவில் ஒரு மரம், இரண்டு பாய், உள்ளே குனிந்து நுழைந்தால் ஆறு பேர் உட்காரக்கூடிய ஒரு கேபின். சனிக்கிழமைதோறும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியாகத் த்வாண்டேக்குப் போய், பானை செய்வதைக் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது என்பது அவர் திட்டம்.

அதற்கு ஒரு பயண அலுவலகம் ஒத்துக்கொள்ள வேண்டும். டோ கின் வின் என்ற அம்மாள் நேரில் வந்து, படகில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்தார். அவர் சரி என்றால் படகு பிழைக்கும். இல்லை என்றால் செல்வம் மலேசியாவுக்குப் போவார். அங்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவருடைய பெரியப்பா மகன் இடம் பார்த்து வைத்திருந்தார். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. விஜயா அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அந்தப் புடவையை அவள் அந்த வருடம் எந்தக் கல்யாணத்துக்கும் கட்டவில்லை. எடுத்தால் அடியில் இருப்பதையும் பார்க்க வேண்டியிருக்குமாம்.

நான் வசனகவிதை எழுதுகிறவன். பிழைப்புக்கு பபேடானில் ஓர் அழைப்பிதழ் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஓர் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாத உடம்பு எனக்கு. கவிதையையே நடந்துகொண்டுதான் எழுதுவேன். (படித்தவர்கள் அது தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.) படகு வேலைக்கு உதவப் போகிறேன் என்று தினமும் அலோனுக்குப் போனேன். மூன்றாவது நாள் செல்வம் என் தோளில் கை வைத்தார்.

"மச்சான், திரை வாங்குற வேலையை நீங்க பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் ரசனை இருக்கு."

நெஞ்சு விம்மிவிட்டது. அதற்கு முந்தின இரவு விஜயா அவரிடம், "அண்ணன் அங்க நின்னா பெயிண்ட் டப்பாவை உதைக்குது, கடைக்காவது அனுப்பித் தொலைங்க" என்று சொன்னது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

படகின் ஜன்னலுக்குத் திரை போடுவது வீட்டு ஜன்னலுக்குப் போடுவது போல இல்லை. வீட்டுச் சுவர் நேராக நிற்கும். படகின் சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்து வரும். மேலே மட்டும் கம்பி போட்டுத் திரையை மாட்டினால் அது ஜன்னலை விட்டு விலகி, கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவர் முகத்தின் முன்னால் தொங்கும். ஆகவே மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. துணியை இரண்டுக்கும் நடுவே இழுத்துக் கட்ட வேண்டும். கூரை ஜன்னலுக்கு நான்கு பக்கமும். இதை நானாகவே கண்டுபிடித்தேன், மூன்று நாள் முகத்தில் துணி பட்ட பிறகு.

அப்புறம் எந்தத் துணி என்ற கேள்வி. மூங்கில் தட்டி படகு ஆடும்போது பல்லைக் கடிப்பது போலச் சத்தம் போட்டது. நைலான் வலைத் துணி போட்டால் கேபின் கல்யாண மண்டபத்து மணமகள் அறை மாதிரி ஆகிவிட்டது. பூப்போட்ட சீனத்துப் பருத்தியை விஜயா சிபாரிசு செய்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே பூஞ்சை. நம் ஊர் மழைக்காலத்தில் நாற்காலியில் மடித்து வைத்த சட்டைக்கே ஒரு வாரத்தில் மீசை முளைக்கிறது. படகுக்குள் கேட்க வேண்டாம்.

நிறம் நீலமாக இருக்க வேண்டும் என்று செல்வம் சொன்னார். படகு என்றால் நீலம்தானே என்றார். நான் அவரைக் கரைக்கு அழைத்துப் போய் ஆற்றைக் காட்டினேன்.

"என்ன நிறம் மாப்பிள்ளை?"

"டீ மாதிரி இருக்கு."

"அப்புறம் எதுக்கு நீலம்?"

அவர் போல்ட் முடுக்கப் போய்விட்டார். நான் கரையிலேயே நின்று, 'நதிக்குக் கதவில்லை. ஆகவே திரை' என்று குறிப்பேட்டில் எழுதினேன். அதற்கு மேல் அந்தக் கவிதை நகரவே இல்லை. துண்டுத் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு நான் கேபினுக்கும் கடைத்தெருவுக்குமாக மூன்று வாரம் அலைந்தேன். அந்த மூன்று வாரத்தில் செல்வம் எஞ்சினை ஏற்றினார், தளத்துக்கு வார்னிஷ் அடித்தார், சுக்கானை மாற்றினார், படகைத் தண்ணீரில் இறக்கினார். நான் ஒரு நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இறக்கிய படகு மூழ்காமல் மிதந்தது. அந்தச் சந்தோஷச் செய்தியோடு விஜயா என்னிடம் இன்னொரு செய்தியும் சொன்னாள். படகு மிதந்தால் மொட்டை போடுவதாக முருகனுக்கு நேர்ந்திருந்தாளாம்.

"நல்லதுதானே. மாப்பிள்ளை எப்ப போட்டுக்கிறாரு?"

"அவருக்கு இல்லண்ணே. உனக்கு."

"எனக்கா? படகு யாருது?"

"அவரு அந்தம்மாவைப் பாத்துப் பேசணும்ல? மொட்டையோட போய் நின்னா நல்லாவா இருக்கும்? நீ யாரைப் பாக்கப் போற?"

நேர்ந்தது அவள், படகு அவள் கணவருடையது, முடி என்னுடையது. சாமி காரியத்தில் வாதம் செய்யக் கூடாது என்று போய் உட்கார்ந்தேன். மழித்த தலையில் அவளே சந்தனத்தைக் குழைத்துப் பூசினாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அதே வாரம் நிறம் கிடைத்தது.

பபேடானில் ஹமீது நானாவின் துணிக்கடைக்கு நான் போனபோது மின்சாரம் போயிருந்தது. நானா நாகூர்ப் பக்கத்து வம்சம். அந்தப் பக்கத்தில் அண்ணனை நானா என்பார்கள், அதனால் எங்கள் தெருவில் இந்து, முஸ்லிம், பர்மியர் எல்லோருக்கும் அவர் நானாதான். ஒரு சின்ன பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டை நீட்டினார். மங்குஸ்தான் பழத்தோலின் உட்புறம் போல ஒரு சிவப்பு. அந்தி மறைந்து கொஞ்ச நேரத்துக்கு ஆற்றின் மேல் நிற்குமே, அந்தக் கடைசிச் சிவப்பு. 

"இது ஓடுற சரக்கு" என்றார் நானா. "சாயம் போகாது. தெனம் துவைச்சாலும் நிக்கும். வெயில்ல காயும், மழையில நனையும், ஒண்ணும் ஆகாது. பூஞ்சை புடிக்காது."

"இதைத்தான் நானா மூணு வாரமா தேடுறேன். படகு ஜன்னல்ல தொங்க விடணும்."

நானா என் மொட்டையைப் பார்த்தார். துண்டுத் துணியைப் பார்த்தார். "படகுலயா?"

"படகுல."

"சரி" என்று சொல்லிக் கடையின் பின்பக்கம் இருந்த தையல்காரரிடம் முழுத் துணியை அனுப்பிவிட்டார்.

ஜன்னலை அளக்கும்போது நான் கண்ணாடியை மட்டும் அளந்திருந்தேன். சட்டத்தின் மேலும் துணி ஏற வேண்டும் என்பது என் குறிப்பேட்டில் இல்லை. (அந்தப் பக்கத்தில் நதியைப் பற்றிய வரி இருந்தது.) வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் நான்கு விரற்கடை குறைந்தது. தையல்காரர் கோபப்படவில்லை. மிச்சத் துணியைச் சின்னதும் பெரியதுமாகச் செவ்வகங்களாக வெட்டி, மடிப்பு மடித்து, வரப்பு கட்டிய வயல் மாதிரி அழகாக ஒட்டுப் போட்டுத் தைத்தார். கேபின் வாசலுக்கு ஒரு பெரிய திரையும் அப்படியே. அது ஓர் ஆள் உயரத்தை விட நீளம். எல்லாவற்றிலும் மேலே கீழே பித்தளை வளையம். கை தேர்ந்த வேலை. இந்தத் துணியில் இந்த மாதிரி ஒட்டுத் தையல் அவர் கைக்குப் பழகியிருந்தது தெரிந்தது. ஏன் பழகியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

மொத்தமும் விரித்துப் பார்த்தபோது எங்கேயோ பார்த்த நிறமாகத் தோன்றியது. நல்ல கவிதை அப்படித்தான் இருக்கும், எங்கேயோ கேட்டது போல, என்று திருப்தியாக மடித்து எடுத்துக்கொண்டேன்.

டோ கின் வின் வருகிற அன்று காலையில் திரைகளை மாட்டினேன். விஜயா கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்து, "சரிண்ணே" என்று சொல்லி, என் தலையில் புதுச் சந்தனம் பூசிவிட்டுப் போனாள். கால்வாயின் ஏற்ற இறக்கம் தெரிந்த கிழவர் ஊ போ தா சுக்கான் பிடிக்க வந்திருந்தார். வாசல் திரையின் முன்னால் செருப்பைக் கழற்றினார். அதைத் தொடாமல் பக்கவாட்டில் ஒதுங்கி உள்ளே வந்தார். ஜன்னல்களை எண்ணினார்.

"இதை இங்கேயா மாட்டறீங்க சயா?" என்று பர்மீயத்தில் கேட்டார். (எழுதுகிறவன் என்பதால் என்னைச் சயா, அதாவது ஆசிரியர், என்பார்.)

"ஆமா. எப்படி இருக்கு?"

"சரி" என்றார் அவரும்.

டோ கின் வின் ஒன்பது மணிக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் ஒரு கோப்பு. செல்வம் என்னை அறிமுகப்படுத்தியபோது சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஏற்றத்துக்குக் காத்திருந்து ஒன்பதரைக்குக் கிளம்பினோம். முன்பக்கத்தில் நிழலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்த செல்வம், டீ கொடுத்து ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். கேபினைக் கடைசியில் காட்டுவதாகத் திட்டம். அதுதான் படகின் உச்சம் என்று நான் சொல்லியிருந்தேன்.

நான் கேபினுக்குள் கடைசித் திருத்தம் செய்துகொண்டிருந்தேன். காற்றில் திரை எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க ஒரு பக்கத்து மூன்று ஜன்னலையும் திறந்தேன். கூரைத் திரை நாலாவது தடவையாக என் தலைமேல் விழுந்தது. அதை எடுத்து மாட்டக் கை தூக்கிய நேரத்தில் மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று பக்கத்தில் கடந்து போனது. அதன் அலை மூன்று ஜன்னல் வழியாகவும் ஒரே சமயத்தில் உள்ளே வந்தது. எந்த ஜன்னலையும் விட்டு வைக்கவில்லை.

மெத்தை நனைந்தது. ஏழு திரையும் நனைந்தன, வாசல் திரையும்தான். என் சட்டை, லுங்கி, குறிப்பேடு. தலையிலிருந்த சந்தனம் ஆற்றோடு போய்விட்டது. செல்வம் எட்டிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மச்சான். கால்வாய் தாண்டற வரைக்கும் அந்தம்மாவை நான் முன்னாடியே வச்சிருக்கேன். அதுக்குள்ள இதையெல்லாம் காய வச்சு மாட்டிருங்க. உங்க கால்ல விழறேன்."

திரைகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கால்வாயில் பாய் விரிக்க முடியாது, மோட்டார்தான். ஆகவே பாய் கட்டுகிற நீளக் கட்டை சும்மா இருந்தது. அதில் ஏழு திரையையும் வரிசையாகக் காயப் போட்டேன். என் சட்டையையும் லுங்கியையும் பிழிந்து ஒரு மூலையில் போட்டேன். மாற்றுத் துணி இல்லை. வாசல் திரைதான் பெரியது. அதை எடுத்து இடுப்பைச் சுற்றி, மிச்சத்தை இடது தோள்மேல் போட்டுக்கொண்டேன். திரைகளைத் திருப்பித் திருப்பிப் போட வலது கை வேண்டும், அதனால் வலது தோளை விட்டுவிட்டேன். ஊ போ தா முன்னால் பார்த்துச் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெயில் இதமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஐந்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

கால்வாயின் கரையில் ஒரு கிராமம் வந்தது. தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண் எங்கள் படகைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். மண்டியிட்டு, கைகளை நெற்றிக்குக் கொண்டுபோய், மூன்று முறை குனிந்து வணங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளும் அப்படியே செய்தாள்.

பாய்மரப் படகை இவர்கள் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என்ன எளிய மக்கள், அழகைக் கண்டால் மண்டியிடுகிறார்கள் என்று நினைத்தேன். பதில் மரியாதையாக வலது கையை மெல்ல உயர்த்தினேன்.

அவ்வளவுதான். கரை முழுக்கப் பரபரப்பு. யாரோ ஓடினார்கள். யாரோ "நேரம் இருக்கு, நேரம் இருக்கு" என்று கூவினார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று பெண்கள் ஒரு சின்னத் தோணியில் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் மூச்சு வாங்கத் துடுப்புப் போட, நடுவில் பருமனான ஓர் அம்மாள் நாலடுக்குத் தூக்குச் சட்டியைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்திருந்தார். அழைப்புக் குரல் கேட்டதும் ஊ போ தா பழக்கதோஷத்தில் எஞ்சினைக் குறைத்துவிட்டார். தோணி பக்கத்தில் வந்தது. அந்த அம்மாள் தோணியிலேயே மண்டியிட்டு, கண்ணை மூடி முணுமுணுத்து, தூக்குச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார். நீட்டுகிற பொருளை வாங்குவதுதானே மரியாதை. வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. கோழிக்கறி வாசனை அடித்தது.

அப்போதுதான் ஊ போ தா திரும்பினார். என்னைப் பார்த்தார். காய்ந்துகொண்டிருக்கும் ஏழு துணிகளைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கும் விளங்கியது, அந்த நிறத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று. தினமும் காலையில் எங்கள் தெரு வழியாக அந்த நிறத்தில் நாற்பது பேர் கையில் திருவோட்டோடு வரிசையாகப் போகிறார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.

புத்த பிக்குகளின், பர்மீயத்தில் சொன்னால் பொங்கிகளின், அங்கி. ஒட்டுத் தையல், நிறம், தோள் எல்லாம் அதேதான். உள்ளே ஒரு மொட்டை.

சத்தம் கேட்டு டோ கின் வின் முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் நடந்து வந்தார். படகில் ஒரு துறவி இருப்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. சட்டென்று செருப்பைக் கழற்றினார். கோப்பைக் கீழே வைத்தார். தளத்தில் மண்டியிட்டு ஒரு முறை குனிந்து வணங்கினார். இரண்டாவது வணக்கத்தின் பாதியில் தலையைத் தூக்கியபோது என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்தப் பாதியிலேயே நின்றுவிட்டார். இன்றைக்கும் அந்தப் பாதி என் கண்ணில் நிற்கிறது.

அவருக்குப் பின்னால் செல்வம் நின்றிருந்தார். அவர் முகத்தில் மலேசியா தெரிந்தது.

துறவி அல்லாதவன் அங்கியைப் போட்டுக்கொண்டு கும்பிடு வாங்குவது இந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை. தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பர்மீயத்தில் சொன்னேன்:

"அம்மா, மன்னிச்சிருங்க. நான் பொங்கி இல்லை. இது ஜன்னல் திரை."

தோணி அம்மாள் கண்ணைத் திறந்தார். "என்ன ஜன்னல்?"

"இந்தப் படகோட ஜன்னல்."

"அப்ப தலை?"

"தங்கச்சி நேர்ந்துகிட்டா."

"தங்கச்சி நேர்ந்துகிட்டா அவ தலை இல்ல மொட்டையாகணும்?"

நான் தலையைத் தடவிக்கொண்டேன்.

"சரி, கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணீங்களே?"

"அது மரியாதைக்கும்மா."

துடுப்புப் போட்ட பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. தோணி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எட்டி, என் தோளிலிருந்த துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "தையல் சுத்தமா இருக்கு" என்றார். பிறகு அவருக்கு உண்மையான கவலை வந்தது. "நான் கண்ணை மூடிக் கொடுத்துட்டேனே. கொடுத்ததைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது எப்படி? எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆபரேஷன். அதுக்காகச் சமைச்சது. மடத்துக்குக் கொண்டுபோகக் கிளம்பவே நேரமாயிருச்சு. வாசல்லயே பொங்கி வந்துட்டார்னு ஓடி வந்தேன்."

 பிக்குகள் நடுப்பகலுக்கு மேல் சாப்பிட மாட்டார்கள். மணி பதினொன்று இருபத்தைந்து.

டோ கின் வின் எழுந்தார். செருப்பைப் போடவில்லை. என்னைப் பார்க்காமல் ஊ போ தாவைக் கேட்டார்:

"மடம் எவ்வளவு தூரம்?"

"வளைவுக்கு அந்தப் பக்கம். தோணியில முக்கால் மணி. இதுல பத்து நிமிஷம்."

"அப்ப எதுக்கு நிக்கிறீங்க? தோணியைப் பின்னால கட்டுங்க. அம்மா, நீங்க மூணு பேரும் ஏறுங்க." அதன் பிறகு என் பக்கம் ஒரு விரல் நீட்டினார். "நீங்க அதை அவிழுங்க."

"மாத்துத் துணி இல்லைங்க."

ஊ போ தா தன் உபரி லுங்கியைத் தந்தார். செல்வம் தன் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டைத் தந்தார். கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டுக்குள் நின்றுகொண்டு பார்த்தேன். டோ கின் வின் என் ஏழு திரைகளையும், எட்டாவதாக வாசல் திரையையும் தன் கையாலேயே எடுத்து, ஓரம் தட்டி, மடித்து அடுக்கினார். "இதை இனிமே ஜன்னல்ல மாட்டக் கூடாது" என்றார். மூன்று வாரத் தேடல் ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

செல்வம் எஞ்சினை முழு வேகத்துக்கு விட்டார். இரண்டு வருடம் அதன் அடியில் கிடந்தவர் அல்லவா, அந்தப் படகு ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. தோணி அம்மாள் தளத்தில் உட்கார்ந்து ஒரு கையால் தூக்குச் சட்டியையும் மறு கையால் டோ கின் வின்னின் முழங்கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். பதினொன்று முப்பத்தெட்டுக்கு மடத்துப் படித்துறையில் இறங்கினோம். உணவு சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது. சயாடோ, அந்த மடத்தின் தலைமைத் துறவி, சாப்பிட்டு முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். நான் மழைக்கோட்டில் வியர்த்தபடி வாசல் பக்கம் ஒதுங்கியிருந்தேன்.

பிறகு துணிகளைக் காணிக்கையாக வைத்தார்கள். நடந்ததை நானே சொல்ல வேண்டும் என்றார் டோ கின் வின். சொன்னேன். சயாடோ பொறுமையாகக் கேட்டார். பெரிய துணியைக் கையில் எடுத்து, ஓரத்தில் வரிசையாக இருந்த பித்தளை வளையங்களைப் பார்த்தார்.

"இந்த ஓட்டை எல்லாம் எதுக்கு?"

"கம்பியில மாட்டறதுக்கு, சாமி."

"மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு?"

"சுவர் சாய்ஞ்சிருக்கு, சாமி. மேல மட்டும் மாட்டினா முகத்துல படும்."

அவர் யோசித்துத் தலையாட்டினார். "நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

அந்தத் திரைகளைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அவர் மிகுந்த கருணை உள்ளவர்.

அதற்குள் ஏற்றம் வடிந்துவிட்டது. த்வாண்டேக்குப் போக முடியவில்லை. ஒரு பானையைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம். டோ கின் வின் கடைசியில் கேபினுக்குள் குனிந்து பார்த்தார். நனைந்த மெத்தை, ஏழு மொட்டை ஜன்னல்கள், பதினாறு கம்பிகள். அலோன் துறையில் இறங்கும்போது செல்வத்திடம், "படகு நல்லா ஓடுது. ஆனா வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிட்டுப் போக இது சரிப்படாது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனால் மறுபேச்சுப் பேசவும் வழியில்லை.

அன்று சாயங்காலம் விஜயா பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பீரோ திறந்தே கிடந்தது.  நான் தாங்க முடியாமல் நானா கடைக்கு நடந்தேன்.

"நானா, அது அங்கித் துணின்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

நானா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "மொட்டை போட்டுக்கிட்டு வந்து, இந்தத் துணியைப் படகுல தொங்க விடணும்னு சொன்னீங்க. நீங்க எழுதுற ஆளு. ஏதோ அர்த்தம் இருக்கும்னு நெனச்சேன்."

தையல்காரரும் உள்ளிருந்து, "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து விஜயாவிடம் கேட்டேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். ஊ போ தா மட்டும் வேறு மாதிரி. த்வாண்டேயில் யாருக்கோ தானம் கொடுக்க எடுத்துப் போகிறோம், வழியில் கசங்காமல் இருக்கக் கம்பியில் மாட்டியிருக்கிறோம் என்று நினைத்தாராம். என்னைச் சுற்றியிருந்தவர்களில் துணியைத் துணியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஒன்பது நாள் கழித்து டோ கின் வின் போன் செய்தார். அலுவலக விஷயமாக இல்லை. தோணி அம்மாளின் கணவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். இருவரும் போனில் பேசிக்கொள்கிற அளவுக்குச் சிநேகிதமாகிவிட்டார்களாம். தன் அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் வருகிறது, அந்த மடத்துக்கே போய்ச் சுன், அதாவது மதிய உணவு, படைக்க வேண்டும். வீட்டு ஆட்கள் பன்னிரண்டு பேர், அந்தப் படகில்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்கிறார். நடுப்பகலுக்குள் கொண்டு சேர்க்க முடியுமா?

"முடியும்" என்றார் செல்வம். 

"திரை எதுவும் வேண்டாம்" என்றார் டோ கின் வின். கொஞ்சம் யோசித்து, "அந்த ஆளும் வேண்டாம்."

பன்னிரண்டு பேர் போய்வந்து இருபத்து நான்கு பேரிடம் சொன்னார்கள். இன்றைக்கு அந்தப் படகு கால்வாய் ஓரத்து மடங்களுக்குத் தானம் கொடுக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் வரத்து நின்றுபோன வருடங்களிலும் அது நிற்கவில்லை. பாஸ்போர்ட் பட்டுப்புடவைக்கு அடியிலேயே காலாவதியாகிவிட்டது. ஜன்னல்களில் விஜயா வாங்கிப் போட்ட குளியலறைப் பிளாஸ்டிக் தொங்குகிறது. அதில் நீல நிறத்தில் டால்பின்கள் குதிக்கின்றன. பூஞ்சை பிடிப்பதில்லை. அலை அடித்தால் துடைத்துவிடலாம். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

நான் வீட்டில் எதைத் தப்பாகச் செய்தாலும், குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டாலும், செல்வம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "விடு விஜயா, ஏதோ அர்த்தம் இருக்கும்" என்பார். விஜயாவின் சின்ன மகளுக்குத் தமிழ் சரளமாக வராது, ஆனால் அந்த ஒரு வாக்கியம் சுத்தமாக வரும்.

விஜயாவின் வேண்டுதல்களும் நின்றபாடில்லை. டோ கின் வின் போன் செய்ய வேண்டும் என்று ஒன்று, பெரியவள் பரீட்சையில் தேற வேண்டும் என்று ஒன்று, எஞ்சின் மாற்றியபோது ஒன்று. எல்லாம் என் தலைமேல்தான். இப்போதெல்லாம் மொட்டைக்குப் போகும்போது அவள் கையில் சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பையும் இருக்கிறது. முடி இறங்கிய கையோடு, சந்தனம் பூசுவதற்கும் முன்னால், அதிலிருந்து பச்சையும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு சட்டையை எடுத்து எனக்கு மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை அவளே போட்டுவிடுகிறாள்.